ஸ்காபரோவுக்குப் புதிது: கஞ்சா சட்டப்படி சரி என்கிறார்கள், விதிகள் என்ன?

கோவைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். படிப்பை முடித்துவிட்டு இப்போது வொர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். வயது 24. கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோ பகுதியில் ஒரு பேஸ்மென்ட்டில் மூன்று பேர் சேர்ந்து தங்கியிருக்கிறோம். தெருமுனை பிளாசாவில் மீன் கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவே ஒரு கஞ்சாக் கடை இருக்கிறது. ரூம்மேட் அங்கேதான் வாங்குகிறான். "இங்கே இது பீர் மாதிரிதான், சும்மா பயப்படாதே" என்கிறான்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் வாங்கலாம், எவ்வளவு கையில் வைத்திருக்கலாம், எங்கே புகைக்கலாம், காரில் எடுத்துப் போனால் என்ன ஆகும்? டிசம்பரில் துபாய் வழியாகச் சென்னை போகிறேன். அடுத்த வருடம் பி.ஆருக்கு (நிரந்தர வதிவிட உரிமைக்கு) விண்ணப்பிக்க வேண்டும். அதனால் சட்டம் மட்டும் சொன்னால் போதும். நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கு ஊரில் அம்மா இருக்கிறார்.

கடைப்பக்கம்:

தம்பி, நான் ரொறன்ரோவில் உரிமம் பெற்ற கடை ஒன்றில் வேலை செய்கிறேன். வாங்குகிற பக்கத்தை நான் சொல்கிறேன். குடிவரவு, கார் விஷயமெல்லாம் மற்றவர்கள் சொல்லட்டும்.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் இது சட்டபூர்வம். நடுவண் சட்டம் குறைந்த வயதை 18 என்று வைத்தது. மாகாணங்கள் அதைக் கூட்டிக்கொள்ளலாம். ஒன்ராறியோவில் 19, அல்பேர்ட்டாவில் 18, கியூபெக்கில் 21. குடியுரிமையோ பி.ஆரோ தேவையில்லை, சுற்றுலா வந்தவர்கூட பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம். 25 வயதுக்குக் குறைவாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்டே ஆக வேண்டும் என்பது எங்களுக்கு விதி. "போன வாரம்தானே காட்டினேன்" என்று சண்டை பிடிக்க வேண்டாம். 19க்குக் கீழ்ப்பட்டவர்களைப் பெற்றோருடன் வந்தாலும் உள்ளே விடமாட்டோம்.

ஒரு தடவையில் 30 கிராம் உலர்ந்த கஞ்சாவுக்கு மேல் விற்கக் கூடாது. வெளியே கையில் வைத்திருக்கக்கூடிய உச்ச அளவும் அதே 30 கிராம்தான். மற்றப் பொருட்களுக்கு ஒரு சமக்கணக்கு உண்டு. 1 கிராம் உலர்ந்த கஞ்சாவுக்கு 15 கிராம் தின்பண்டம் சமம். புதிதாகப் பறித்த ஈரமான செடி என்றால் 5 கிராம். செறிவூட்டிய சாறு மட்டும் நேர்மாறு: வெறும் கால் கிராமே 1 கிராமாகக் கணக்காகும். வேப் கார்ட்ரிட்ஜ் இதில்தான் வரும். ஆகவே 1 கிராம் கார்ட்ரிட்ஜ் 7 வைத்திருந்தால் எல்லைக்குள், 8 என்றால் வெளியே. பையில் சின்னதாக இருக்கிறதே என்று பலர் இதைக் கவனிப்பதில்லை.

உரிமம் உள்ள கடையா என்று பார்ப்பது சுலபம். வாசலில் ஒன்ராறியோ அரசின் முத்திரை இருக்கும். கடைகளுக்கு உரிமம் கொடுக்கும் மாகாண அமைப்பான ஏ.ஜி.சி.ஓவின் இணையதளத்தில் உரிமம் பெற்ற கடைகளின் வரைபடமும் இருக்கிறது. பொட்டலத்தில் கலால் வரி ஒட்டுமுத்திரை, இலை படத்தோடு சிவப்பு எண்கோணச் சின்னம், மஞ்சள் பின்னணியில் சுகாதார எச்சரிக்கை, குழந்தைகளால் திறக்க முடியாத மூடி, எல்லாம் இருக்க வேண்டும். கார்ட்டூன் படம் போட்ட பளபளப்பான பை என்றால் அது எங்கள் பக்கத்துச் சரக்கு இல்லை.

சில லேபிள்களில் டி.எச்.சி (போதை தரும் பொருள்) என்று ஓர் எண்ணும், மொத்த டி.எச்.சி என்று இன்னோர் எண்ணும் இருக்கும். முதலாவது அப்படியே இருக்கிற நிலையில் உள்ளது, இரண்டாவது சூடாக்கிய பிறகு கிடைப்பது. புகைப்பவர் பார்க்க வேண்டியது இரண்டாவதை. ஒரு கிராமுக்கு 200 மில்லிகிராம் என்றால் 20 சதவீதம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் 10 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம் என்பதுதான் ஹெல்த் கனடாவின் அறிவுரை. வருகிறவர்களில் பாதிப் பேர் "எதில் அதிகம் இருக்கிறது" என்றுதான் கேட்கிறார்கள், என்ன செய்வது.

கோவைக்காரன்:

ரொம்ப நன்றி அண்ணா. வேப் கணக்கை ரூம்மேட்டிடம் காட்டினேன். அப்புறம் ஏன் முப்பதைத் தாண்டினால் பிரச்சினை, வீட்டில் வைத்திருந்தால் கணக்கில்லையா என்று கேட்கிறான்.

கடைப்பக்கம்:

அந்த 30 கிராம் பொது இடத்துக்கு. ஒன்ராறியோவில் வீட்டுக்குள் வைத்திருக்க உச்ச அளவு இல்லை. ஆனால் வீட்டிலிருந்து வெளியே கொண்டு போகும்போது மறுபடியும் 30. வயது வந்தவர்களுக்குள் அந்த அளவு வரை சும்மா பகிரலாம். பணம் வாங்கினால் அது விற்பனை. நண்பனிடம் "பாதிக் காசு கொடு" என்று கேட்பதில்கூட எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் எதற்கு நிற்க வேண்டும்?

சங்கானையூரான்:

இப்படி எல்லாவற்றையும் விளங்கப்படுத்திக் கொடுத்தால் பிள்ளையள் குடிக்காமல் என்ன செய்வார்கள்? சண்டைக்குத் தப்பி இந்த நாட்டுக்கு வந்து, இரண்டு வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தது இதற்கா? அரசாங்கம் வரிக்காசுக்காகத் திறந்துவிட்டதை நாங்களும் தூக்கிப் பிடிக்க வேண்டுமா?

தாவடி மைந்தன்:

அண்ணை, சாராயக் கடையிலும் அதே அரசாங்கம்தான் வரி எடுக்கிறது. அங்கே வரிசையில் எங்கட ஆட்கள் நிற்பதை நீங்கள் பார்க்கவில்லையா?

மட்டுறுத்துனர்:

சங்கானையூரான் அண்ணாவின் கவலை நியாயமானது. ஆனால் கேள்வி கேட்டவர் விதிகளைத்தான் கேட்டார். கஞ்சா தேவையா இல்லையா என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள். சாராயத்துக்கும் தனி இழை. இங்கே விதிகள் மட்டும்.

லொறிக்காரன்:

கார் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒன்று, எடுத்துச் செல்வது. ஒன்ராறியோவில் கஞ்சாவைக் காரில் கொண்டுபோகலாம். ஆனால் அது திறக்காத மூலப் பொட்டலத்தில் இருக்க வேண்டும், அல்லது நன்றாக மூடிய பையில், கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். கடையில் வாங்கி, காருக்குள் இருந்தே பிரித்து மணந்து பார்த்துவிட்டு கப் ஹோல்டரில் வைத்துவிட்டு ஓட்டினால் அதுவே குற்றம். விதி மீறி வைத்திருக்கிறார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் போலீஸ் பிடியாணை இல்லாமலே காரைச் சோதிக்கலாம். வாசனை எவ்வளவு தூரம் போகும் என்பது தெரியும்தானே. டிக்கியில் போடுங்கள், வீட்டில் போய்த் திறவுங்கள்.

இரண்டு, பாவித்துவிட்டு ஓட்டுவது. இரத்தத்தில் ஒரு மில்லிலீட்டருக்கு 2 நானோகிராம் டி.எச்.சி இருந்தாலே நடுவண் குற்றவியல் சட்டப்படி குற்றம். 5 நானோகிராமோ அதற்கு மேலோ என்றால் அது பெரிய வகை. முதல் தடவைக்கே குறைந்தது 1,000 டொலர் அபராதம். குடியும் சேர்ந்திருந்தால் அந்தப் பெரிய வகைக்கான எல்லை இன்னும் கீழே வரும்: 2.5 நானோகிராமுடன் 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் அல்கஹோல் இருந்தால் போதும். வீதியோரத்தில் எச்சில் எடுத்துப் பார்க்கும் கருவி வைத்திருக்கிறார்கள்.

மூன்று, தம்பிக்கு முக்கியம். உங்களிடம் இருப்பது ஜி2 லைசென்ஸா (புதிய ஓட்டுநருக்கான இரண்டாம் கட்ட லைசென்ஸ்)? அப்படியென்றால் உங்களுக்கு எல்லை பூச்சியம். 21 வயது வரை உள்ளவர்கள், ஜி1, ஜி2, மோட்டார் சைக்கிளுக்கான எம்1, எம்2 வைத்திருப்பவர்கள், எங்களைப் போல வணிக வாகனம் ஓட்டுபவர்கள், இவர்கள் யாருக்கும் துளிகூட இருக்கக் கூடாது. அகப்பட்டால் முதல் தடவைக்கே லைசென்ஸ் முடக்கம், 250 டொலர் தண்டம். அதோடு காப்புறுதிக்காரன் காட்டப்போகிற கணக்கு வேறு.

எங்கள் வேலையில் இன்னொன்று. அமெரிக்காவுக்குள் லொறி ஓட்டினால் அந்த நாட்டுப் போக்குவரத்துத் துறை விதிப்படி எழுந்தமானமாக (முன்னறிவிப்பில்லாமல்) போதைமருந்துச் சோதனை வரும், அதில் டி.எச்.சியும் உண்டு. சனிக்கிழமை ரொறன்ரோவில் சட்டப்படி பாவித்தேன் என்று சொல்லிப் பலனில்லை. ரொறன்ரோவுக்குள் ரி.ரி.சி பஸ் ஓட்டப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: அங்கே 2017 முதல் எழுந்தமானச் சோதனை நடக்கிறது.

மழைமேகம்:

நான் ஓட்டவில்லை, பார்க் பண்ணிய காருக்குள் இருந்து புகைத்தால் பிரச்சினை இல்லையே? வெளியே குளிர் மைனஸ் 20.

லொறிக்காரன்:

கார் நின்றாலும் ஓடினாலும் சாவி உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் அதற்குள் பாவிக்கக் கூடாது. பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கும் அதே விதி. குளிருக்குச் சட்டத்தில் சலுகை இல்லை.

குறிப்பேடு:

கோவைக்காரன், உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது பி.ஆர் விண்ணப்பம்தான். நான் குடிவரவு ஆலோசனை அலுவலகம் ஒன்றில் பத்திரங்கள் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன், வழக்கறிஞர் அல்ல. பொதுவாக நடப்பதைச் சொல்கிறேன்.

கடையில் வாங்கி, 30 கிராமுக்குள் வைத்திருந்து, அனுமதி உள்ள இடத்தில் பாவித்தால் அது குற்றமே இல்லை. குடிவரவு விண்ணப்பத்தில் அதனால் ஒன்றும் வராது. விண்ணப்பத்தில் கேட்பது தண்டனை, கைது, குற்றச்சாட்டு பற்றித்தான். ஆகவே "ஒரு முறை புகைத்துவிட்டேன், பி.ஆர் போய்விடுமா" என்று இரவில் தூக்கம் கெட வேண்டாம்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2018 டிசம்பர் 18 அன்று போதையில் வாகனம் ஓட்டும் குற்றத்துக்கான உச்சத் தண்டனையை 5 ஆண்டிலிருந்து 10 ஆண்டாக உயர்த்தினார்கள். குடிவரவுச் சட்டத்தில் 10 ஆண்டு என்ற எண்ணுக்குத் தனிப் பொருள் உண்டு. உச்சத் தண்டனை 10 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் அது "கடுமையான குற்றத்தன்மை". நீதிமன்றம் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு தண்டனை கொடுத்தது என்பது அங்கே பார்க்கப்படாது. வெறும் அபராதத்தோடு வெளியே வந்தவர்கூட இந்த வகைக்குள் விழலாம். அதுவரை பத்து வருடமாக பி.ஆராக இருந்தவருக்கும் நாடு கடத்தல் நடவடிக்கை தொடங்க அது போதும். சட்டம் மாறுவதற்கு முன் இதே தவறு வெறும் அபராதத்தோடு முடிந்தால் ஒரு பி.ஆரின் அந்தஸ்தைத் தொட்டதில்லை. கஞ்சா சட்டபூர்வமான செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த இந்த மாற்றம் நம் சனத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வொர்க் பெர்மிட், படிப்பு விசாவில் இருப்பவர்களுக்கு வாசல் இன்னும் குறுகலானது. கடுமையான குற்றம் என்ற அளவுக்குப் போகத் தேவையில்லை. குற்றவியல் சட்டத்தில் உயர் வழியிலும் (பெரிய வழக்காக) சுருக்க வழியிலும் (சிறு வழக்காக) நடத்தக்கூடிய குற்றங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை எந்த வழியில் நடத்தினாலும் குடிவரவுச் சட்டம் உயர் வழிக் குற்றமாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு தண்டனையே போதும்.

கஞ்சாச் சட்டத்துக்குள்ளேயே 14 ஆண்டு வரை போகக்கூடிய குற்றங்களும் உள்ளன: உரிமம் இல்லாமல் விற்பது, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குக் கொடுப்பது, எல்லை தாண்டிக் கொண்டுபோவது அல்லது கொண்டுவருவது. "தம்பி 17தான், ஆனால் பார்ட்டிக்குக் கேட்டான்" என்று வாங்கிக் கொடுக்கிற அண்ணாமார் கொஞ்சம் இதைப் படியுங்கள்.

யாருக்காவது வழக்கு வந்துவிட்டால், "சின்ன வழக்குத்தானே, ஒத்துக்கொண்டு அபராதம் கட்டுவோம்" என்று முடிப்பதற்கு முன் குற்றவியல் வழக்கறிஞரோடு குடிவரவு தெரிந்தவரையும் பாருங்கள். ஒத்துக்கொண்ட பிறகு எங்களிடம் வருகிறவர்களுக்குச் செய்யக்கூடியது குறைவு.

கோவைக்காரன்:

இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. பீர் மாதிரி என்ற கதை இங்கேயே முடிந்தது. ஜி2தான் வைத்திருக்கிறேன் லொறி அண்ணா.

பஃபலோ போக்குவரத்து:

எல்லை விஷயத்தில் இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். நியூயார்க்கில் 2021 முதல் சட்டபூர்வம், ஒன்ராறியோவிலும் சட்டபூர்வம். இரண்டு பக்கமும் சரி என்றால் நடுவில் எல்லைப் பாலத்தில் மட்டும் எப்படித் தப்பாகும்? நியூ ஜெர்சிக்கு அக்கா வீட்டுக்குப் போகும்போது இரண்டு 'கம்மி' (கஞ்சா கலந்த மெல்லும் மிட்டாய்) பையில் இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

குறிப்பேடு:

அந்தப் பாலம்தான் தப்பு. நியூயார்க் மாநிலச் சட்டம் மாநிலத்துக்குள். எல்லையில் நிற்கும் அதிகாரி அமெரிக்க நடுவண் சட்டத்தைப் பார்ப்பவர். அதில் கஞ்சா இன்னும் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். கனடா பக்கமும் அதேதான். வெளியே கொண்டுபோவதும் குற்றம், உள்ளே கொண்டுவருவதும் குற்றம். மருத்துவருடைய சீட்டு இருந்தாலும், கஞ்சாவிலுள்ள போதை தராத பொருளான சி.பி.டியின் எண்ணெய் மட்டுமே என்றாலும் விதி மாறாது.

பொருள் இல்லாவிட்டாலும் கேள்வி உண்டு. எப்போதாவது பாவித்திருக்கிறீர்களா என்று அமெரிக்க அதிகாரி கேட்கலாம். ஓம் என்று சொன்னால் நுழைவை மறுக்க அவருக்கு இடம் உண்டு. பொய் சொன்னால் அது அதைவிடப் பெரிய பிரச்சினை, வாழ்நாள் தடைவரை போகலாம். பதில் சொல்ல விருப்பமில்லை என்று சொல்லித் திரும்பி வரலாம். அன்றைக்கு அக்கா வீடு இல்லை, அவ்வளவுதான். கஞ்சாத் துறையில் சட்டப்படி வேலை செய்யும் கனடியக் குடிமக்கள், அந்தத் துறைக்குச் சம்பந்தமில்லாத பயணமாகப் போனால் பொதுவாக விடுவோம் என்று 2018 அக்டோபரில் அமெரிக்க எல்லைப் பிரிவு அறிவித்தது. அதில் "கனடியக் குடிமக்கள்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கடைப்பக்கம் போன்றவர்கள் பி.ஆரில் இருந்தால் அதை நம்பிப் போகக் கூடாது.

கடைப்பக்கம்:

எனக்குக் குடியுரிமை இருக்கிறது. இருந்தாலும் கடையின் பெயர் போட்ட ஜாக்கெட்டோடு எல்லைக்குப் போவதில்லை.

அடையாறு வக்கீல்:

சென்னையில் இருந்து எழுதுகிறேன். இந்தியாவுக்குள் கொண்டுவருவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் 1 கிலோ வரை சிறிய அளவு. தண்டனை ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "அப்போ கொஞ்சம்தானே" என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். கம்மியும் வேப்பும் இலை அல்ல, பிரித்தெடுத்த பொருள். டி.எச்.சிக்கு என்று தனி அட்டவணை எண் இருக்கிறது, அதில் சிறிய அளவு 2 கிராம்தான். கலவையில் போதைப்பொருள் எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல் மொத்த எடையையும் கணக்கில் எடுக்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு டப்பா கம்மியை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்பதை உங்கள் பெட்டியை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

துபாயில் இறங்கி ஏறுவதும் சாதாரணம் இல்லை. அமீரகத்தில் இது தடை செய்யப்பட்ட பொருள். கோட்டுப் பையில் பழைய துண்டு ஏதாவது கிடக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். நண்பனின் பையைக் கடன் வாங்கிக்கொண்டு போகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அதையும் இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

ஈசூன் வாசி:

சிங்கப்பூரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. அதைவிட நம் ஆட்களுக்குத் தெரியாதது: சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பாவித்திருந்தாலும் இங்கே வழக்குப் போடலாம். கனடாவில் படிக்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது சிறுநீர்ச் சோதனையில் அகப்பட்டால் "அங்கே சட்டபூர்வம்" என்பது பதிலாகாது.

தாவடி மைந்தன்:

கனடாவுக்குள் விமானத்தில்? கல்கரிக்குப் போகிறேன்.

குறிப்பேடு:

உள்நாட்டுப் பயணம் என்றால் 30 கிராம் வரை கொண்டுபோகலாம். ஆனால் வானிலை காரணமாக விமானம் அமெரிக்காவில் இறங்க நேர்ந்தால் அங்கே அது உங்கள் தலைவலி. கல்கரியிலேயே கடை இருக்கும்போது சுமப்பானேன்?

மார்க்கம் வீட்டுக்காரி:

பேஸ்மென்ட் வாடகைக்குக் கொடுத்திருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். தம்பி, முதலில் உங்கள் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஒன்ராறியோவின் பொது ஒப்பந்தப் படிவத்தில் புகைத்தல் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அங்கே புகைக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வைத்திருந்தால் கஞ்சா சட்டபூர்வம் என்பது உங்களுக்கு உதவாது. காண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) என்றால் கட்டடத்தின் சொந்த விதியும் சேரும். பல்கனியிலும் தடை போட்டிருக்கிறார்கள், செடி வளர்ப்பதையும் தடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் நடுவில் தன்பாட்டில் புதுவிதி போட முடியாது என்பதும் உண்மைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மணம் மேலே வந்து, மற்றவர்கள் இருக்க முடியாத அளவுக்குப் போனால் வாடகைச் சபைக்குப் போகலாம்.

செடி பற்றி. ஒரு வீட்டுக்கு 4, ஆளுக்கு 4 அல்ல. ஐந்து பேர் இருந்தாலும் 4தான். சட்டப்படி வாங்கிய விதையாக இருக்க வேண்டும். கியூபெக்கில் ஒன்றுகூட வைக்க முடியாது. அந்தத் தடை செல்லும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம் என்று இருக்கும் நம்முடைய வீடுகளில் "என் நாலு, உன் நாலு" என்று பிரிப்பதற்கு முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். என் வீட்டில் கறிவேப்பிலைச் செடி மட்டும்தான், அதுவே குளிருக்குப் பாதி செத்துவிட்டது.

வெளியே எங்கே புகைக்கலாம் என்று கேட்டீர்கள். ஒன்ராறியோவில் பொதுவாகச் சிகரெட் பிடிக்கக்கூடிய இடத்தில் இதையும் பிடிக்கலாம், நடைபாதை உட்பட. பள்ளிக்கூடம், சிறுவர் விளையாட்டுத் திடல் இவற்றிலிருந்து 20 மீட்டர், உணவக முற்றத்திலிருந்து 9 மீட்டர் தள்ளி. மீறினால் முதல் தடவை 1,000 டொலர் வரை, பிறகு 5,000 வரை அபராதம். நகரசபைகள் இன்னும் இறுக்கலாம். எங்கள் மார்க்கம் அப்படித்தான். தொடக்கத்தில் கடைகளே வேண்டாம் என்று முடிவெடுத்த நகரங்களில் ஒன்று, பொது இடத்தில் புகைக்கவும் தடை போட்டது. மிசிசாகாவும் அப்போது வேண்டாம் என்றது, 2023இல் மனம் மாறியது. ஸ்டீல்ஸ் வீதியின் ஒரு பக்கம் ரொறன்ரோ, மறுபக்கம் மார்க்கம். வீதியைக் கடக்கும்போதே விதி மாறிவிடும்.

மொன்றியல் மாறன்:

கியூபெக் எல்லாவற்றிலும் வேறு. 21 வயது. எஸ்.கியூ.டி.சி என்ற அரசுக் கடை மட்டும்தான். மிட்டாய், சொக்கலேட் வடிவில் எதுவும் விற்பதில்லை. பொது இடத்தில் புகைக்கத் தடை. வீட்டிலும் 150 கிராம்தான் உச்சம். ரொறன்ரோவில் இருந்து கல்யாணவீட்டுக்கு வரும் 20 வயதுக்காரர்கள், ஊரில் சட்டபூர்வமாக வாங்கியதை இங்கே எடுத்து நீட்டாதீர்கள்.

இரவுப்பணி:

அவசரப் பிரிவில் தாதியாக இருக்கிறேன். விதி மட்டும் என்று சொன்னாலும் ஒரு விதியின் காரணத்தைச் சொல்ல விடுங்கள். தின்பண்டத்தில் ஒரு பொட்டலத்துக்கு 10 மில்லிகிராம் டி.எச்.சிதான் உச்சம் என்று கனடா வைத்திருக்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் ஒரு பொட்டலத்தில் 100 வரை விடுகிறார்கள். இங்கே இவ்வளவு குறைவு ஏன் என்று கேட்பவர்கள் எங்கள் பிரிவில் ஓர் இரவு இருந்து பார்க்க வேண்டும்.

புகைத்தால் சில நிமிடத்தில் தெரியும். சாப்பிட்டால் அரை மணியிலிருந்து 2 மணி நேரம் ஆகலாம், முழு வேகம் வர 4 மணி நேரம்கூட. அரை மணியில் ஒன்றும் தெரியவில்லை என்று இன்னொன்று, பிறகு இன்னொன்று. மூன்றும் ஒன்றாக ஏறும்போது நெஞ்சு படபடக்கும், மரண பயம் வரும், வாந்தி வரும். அது 12 மணி நேரம் வரை நீளலாம். புதியவர்களுக்கு 2.5 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ என்பதுதான் ஹெல்த் கனடா சொல்வது. மனச்சிதைவு குடும்பத்தில் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் வேண்டவே வேண்டாம்.

குழந்தைகளைப் பற்றி. தின்பண்டங்கள் விற்பனைக்கு வந்த பிறகு ஒன்ராறியோ மருத்துவமனைகளுக்குத் தெரியாமல் தின்ற சிறுவர்களின் வரத்து கூடியது, ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அது கம்மி, அவ்வளவுதான். பூட்டுகிற பெட்டியில், உயரத்தில் வையுங்கள். பிள்ளை தின்றுவிட்டால் 911. என்ன தின்றது என்று மறைக்காமல் சொல்லுங்கள். சிலர் வெட்கத்தில் மணிக்கணக்கில் "காய்ச்சல்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் மூளைக்காய்ச்சலா என்று முதுகில் ஊசி போடும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சங்கானையூரான்:

தாதி அம்மா சொன்னதைத்தான் நான் முதலே சொன்னேன்.

இரவுப்பணி:

இல்லை ஐயா, நீங்கள் கதைக்கவே வேண்டாம் என்றீர்கள். கதைக்காத வீட்டுப் பிள்ளைகள்தான் பாதி இரவில் பயந்துபோய் வருகிறார்கள்.

கோவைக்காரன்:

இன்னொரு கேள்வி. ரூம்மேட் சில சமயம் ஆன்லைனில் வாங்குகிறான். இ-ட்ரான்ஸ்ஃபர் அனுப்பினால் தபாலில் வந்துவிடும். ஒரு பையில் 500 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது. வெப்சைட் பார்க்க ரொம்ப நேர்த்தியாக இருக்கிறது, மேப்பிள் இலை எல்லாம் போட்டிருக்கிறது. இது சரியா?

கடைப்பக்கம்:

500 என்று தின்பண்டப் பையில் எழுதியிருந்தாலே அது சட்டவிரோதம், மேற்கொண்டு எதுவும் பார்க்க வேண்டாம். ஒன்ராறியோவில் ஓ.சி.எஸ் என்ற மாகாண நிறுவனத்தின் தளம், இல்லையென்றால் உரிமம் பெற்ற கடைகளின் சொந்த விநியோகம், இரண்டே வழி. வீட்டு வாசலில் வயதைச் சரிபார்த்துத்தான் கொடுப்பார்கள். கேட்காமல் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போனால் சந்தேகப்படுங்கள். வாங்கியவரும் குற்றவாளிதான், தெரிந்தே சட்டவிரோதக் கஞ்சாவை வைத்திருப்பது ஒரு கிராமானாலும் தப்பு.

விலை ஏன் அங்கே குறைவு என்றால், எங்கள் சரக்கில் கிராமுக்கு 1 டொலர் அல்லது 10 சதவீதம், எது கூடவோ அந்தக் கலால் வரி, மேலே 13 சதவீத எச்.எஸ்.டி விற்பனை வரி, அதற்கும் மேலே பூச்சிகொல்லி, பூஞ்சைச் சோதனைச் செலவு. அவர்களுக்கு இது ஒன்றும் இல்லை. உங்கள் நண்பன் மிச்சம் பிடிப்பது அந்தச் சோதனையைத்தான்.

வண்ணத்துப்பூச்சி:

என் அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. கோயிலில் யாரோ சி.பி.டி எண்ணெய் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். அது போதை தராதாம். மருந்துக் கடையில் கிடைக்குமா? மாசியில் அம்மா யாழ்ப்பாணம் போகிறார், கூடக் கொடுத்து அனுப்பலாமா?

கடைப்பக்கம்:

அக்கா, சி.பி.டியும் கனடாவில் கஞ்சாச் சட்டத்துக்குள்தான் வருகிறது. மருந்துக் கடை அலுமாரியில் இருக்காது. எங்கள் மாதிரிக் கடையிலோ ஓ.சி.எஸ்ஸிலோ வாங்கலாம். மருத்துவர் எழுதிக்கொடுத்தால் உரிமம் பெற்ற மருத்துவ விற்பனையாளரிடமிருந்து வீட்டுக்கு வரும், அது தனி வழி. இந்தியக் கடைகளிலும் அழகு நிலையங்களிலும் பெயரில்லாத போத்தலில் விற்பதை வாங்காதீர்கள்.

இரவுப்பணி:

வாங்குவதற்கு முன் அம்மா எடுக்கும் மருந்துப் பட்டியலை மருந்தாளரிடம் காட்டுங்கள். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு சி.பி.டி மோதும். முழங்கால் வலிக்கு அது உறுதியாக வேலை செய்யும் என்று சொல்ல என்னால் முடியாது. அம்மாவின் மருத்துவரோடு பிசியோதெரபி பற்றியும் கதையுங்கள்.

குறிப்பேடு:

யாழ்ப்பாணத்துக்குக் கொடுத்து அனுப்ப வேண்டாம், அக்கா. கனடாவிலிருந்து வெளியே போகும்போதே குற்றம், கட்டுநாயக்காவில் இறங்கும்போது இலங்கைச் சட்டப்படி இன்னொரு குற்றம். அம்மாவின் கைப்பையில் பழைய போத்தல் இருந்தால் இப்போதே எடுத்து வையுங்கள்.

வண்ணத்துப்பூச்சி:

சரி, எடுத்து வைத்துவிடுகிறேன். வார்ஃபரின் எடுக்கிறார். நாளைக்கு மருந்தாளரிடம் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.